பதினொரு பேருக்கு வெந்நீர்

"1996 டிசம்பர் முதல் குளியல் முறை" என்று தாத்தா நீல மையில் எழுதி மல்லேஸ்வரம் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டிய தாள் இன்று ஒரு பெட்டியில் கிடைத்தது. முகர்ந்தால் இன்னும் விறகுப் புகை. ஐந்துக்குத் தாத்தா, ஐந்தேகாலுக்குப் பெரியப்பா என்று ஏழரை வரை பதினொரு பெயர்கள். வீட்டின் பன்னிரண்டாவது ஆள் அம்மா. அவள் பெயர் இல்லை. தேங்காய் மட்டையைத் தள்ளித் தள்ளி அடுப்பை எரியவிட்டு, ஒவ்வொருவருக்கும் வாளி நிரப்பி, அண்டா காலியான பிறகு அந்தக் குளிரில் குழாய்த் தண்ணீரில் குளிப்பாள். வருகிறவர்களெல்லாம் "சண்டையே இல்லாத வீடு" என்று மெச்சுவார்கள்.

இருமல் விடாத ஒரு காலையில் அம்மா கேட்டாள்: "எனக்கும் ஒரு நேரம் எழுதுங்க மாமா."

"உனக்கென்னம்மா, ஆபீஸா ஸ்கூலா? எப்ப வேணும்னாலும் குளிச்சுக்கோ," என்றார் தாத்தா.

"அண்ணி மகாராணி, அவங்களுக்கு டைமே கிடையாது!" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம். என் ஆறே முக்கால் பறிபோகாத நிம்மதியில் நானும் சிரித்தேன். அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள்.

வீட்டை இடித்துவிட்டார்கள், அம்மாவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கென்று ஒரு வாளி வெந்நீர் எடுத்து வைத்ததாக அப்பா இப்போது சொல்கிறார். நான் கேட்ட வேறு யாருக்கும் அப்படி நினைவில்லை. உறுதிப்படுத்த முடியவில்லை.