முப்பத்துநாலு சொன்ன அடுப்பு

விறகு வியாபாரத்தில் முதலில் சொல்கிற விலை வெட்டுப்படுவதற்கென்றே பிறந்தது. பத்து என்று வாயைத் திறந்தால்தான் ஏழில் வந்து நிற்கும். ஏழு என்று திறந்தவள் நாலுக்கு முடித்துவிட்டுத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

செய்யூர்ப் பக்கம் சவுக்கு வாங்கி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி பாய்லர்களுக்கும் ஓட்டல் அடுப்புகளுக்கும் லோடு அடிக்கிறவள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். நான் பாய்லர் ரூமில் சாம்பல் வாரினேன், மாலைக் கல்லூரியில் பி.இ. முடித்தேன், நாற்பத்தோரு வயதில் எரிபொருள், எரிப்புப் பொறியியலில் எம்.இ. சேர்ந்தேன். பகுதி நேரம், மூன்று வருஷம். பகலில் வேலைக்கு ஓடி, சாயங்காலம் வகுப்பில் கண் சொருகும் சக பாவிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

சேர்ந்த கதை

ஒரு கம்பெனியில் புதிதாக ஒரு எஞ்சினியர் வந்திருந்தான். என் கட்டை ஒரு டன் எரித்தால் இவ்வளவு நீராவி வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். சரியான கணக்கு. அவன் பேனாவை மூடிவிட்டு, "விறகுக்காரங்க சொல்றதுல பாதியத்தான் நாங்க எழுதுவோம்" என்றான். நான் பேசிய பேச்சில் கேட்டில் இருந்த செக்யூரிட்டி உள்ளே ஓடி வந்தார். வெளியே வந்ததும் முடிவு செய்தேன். ஒரு நாளாவது நான் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், எதிரில் இருக்கிறவன் அதில் கைவைக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது.

சேரப் போன அன்றைக்கே துறைத் தலைவர், எழுபத்தைந்து சதவீதம் வருகை வேண்டும் என்றார். "லோடு இறங்குற நாளெல்லாம் இருக்கு சார், அறுபதுக்கு முடிச்சுக்கலாம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார்.

"இது சவுக்கு லோடு இல்லம்மா. எழுபத்தஞ்சுன்னா எழுபத்தஞ்சு."

காதும் வாயும்

ஈரம் பார்க்க நான் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவேன். காய்ந்தது டங்கென்று சொல்லும், ஈரம் தொப்பென்று விழும். இருபது வருஷமாக என் காதுதான் என் மீட்டர்.

லேபில் அதற்கு ஒரு மின்சூட்டுப் பெட்டி. கட்டையைச் சீவி, எடை போட்டு, நூற்றைந்து டிகிரியில் வைத்து, எடை இனி குறையாது என்கிற வரைக்கும் காயவைக்க வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். செய்யூரில் எனக்குக் கட்டை தருகிற கண்ணப்பன் அண்ணனின் தோப்பிலிருந்து ஒரு துண்டு கொண்டுபோய் வைத்தேன். தட்டிப் பார்த்தபோது என் காது நூற்றுக்கு இருபது ஈரம் என்று சொல்லியிருந்தது. பெட்டி பத்தொன்பது என்றது! ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். பெருமை தாங்கவில்லை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நேரே தோப்புக்கே போய், "பாத்தியா அண்ணாத்த, என் காத?" என்று நீட்டினேன்.

அவர் சீட்டை நிதானமாகப் படித்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் காது சொன்னது இருபது, சரி. ஈரம் கூடினால் விலை இறங்கும், அதனால் அந்த வாரம் விலை பேசும்போது அவரிடம் என் வாய் சொன்னது முப்பது.

"அப்போ இத்தினி வருசமா எங்கைல பொய்தான் சொல்லிக்கினு இருந்தியா, செல்வி?"

நாவலூர் மெஸ்

எரிப்பைப் படிக்கிற எல்லோருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. உலகமே பேட்டரிக்கு மாறுகிற நேரத்தில் இது என்ன படிப்பு என்று கேட்காத ஆளில்லை. நாவலூரில் ஐ.டி. பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிற குமார் என் பழைய வாடிக்கை. விறகை நிறுத்திவிட்டு வரிசையாகக் கரண்ட் அடுப்பு வாங்கி வைத்தவன். "இன்னா யக்கா, அடுப்பு ஊதறதுக்குக் கூடவா டிகிரி குடுக்கறாங்க?" என்று ஆட்கள் முன்னால் சிரித்தான். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, அங்கே என்ன எரிகிறது என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பாடம் எடுத்தேன். அவன் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரம் மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவனிடமிருந்து போன். கரண்ட் போய் ஒரு மணி நேரம், சாம்பார் பாதி வேக்காடு, வாசலில் வரிசை. பின்னால் யாரோ தட்டைத் தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"யக்கா, பேஜாரா கீது. அந்த டிகிரிய சீக்கிரம் முடிச்சுட்டு ரெண்டு அடுப்பு கொண்டாந்து போடு!"

எஸ்தர் அக்காவும் கடல் காற்றும்

என் ஆய்வே ஓர் அடுப்புதான். இரட்டைச் சுவர் வைத்த விறகடுப்பு. கீழே ஒரு வரிசை ஓட்டை, கட்டை எரிய. மேலே ஒரு வரிசை, புகை வெளியே போகும்முன் அதுவும் எரிய. லேபில் சாதுவாக எரிந்தது, நீல நுனியோடு. சோதனைக்கு மாமல்லபுரத்தில் மீன் வறுத்து விற்கிற எஸ்தர் அக்காவின் கடையில் கொண்டுபோய் வைத்தேன். ஆராய்ச்சி, காலேஜ், புகையே வராது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கூட்டி வைத்துப் பிரசங்கம் வேறு.

பற்றவைத்த ஐந்தாவது நிமிஷம் கடலிலிருந்து ஒரு காற்று. மேல் ஓட்டைகள் வழியாகப் புகுந்து தீயைப் படுக்கப் போட்டுவிட்டது. புகை மொத்தமும் எங்கள் முகத்தில். வஞ்சிரம் வாங்க வந்த ஒரு குடும்பம் அடுத்த கடைக்கு நகர்ந்தது. நான் காற்றைத் திட்டினேன், அடுப்பை உதைத்தேன், கால் விரல் வீங்கியது. எஸ்தர் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடல்னா காத்து அடிக்கும்னு உங்க காலேஜ்ல யாரும் சொல்லித் தரலியா?" என்றார்.

சொல்லித்தரவில்லைதான். மூன்று வாரம் போய்ப் போய்ப் பார்த்து, கடைசியில் பழைய எண்ணெய் டின்னை வெட்டி அடுப்பைச் சுற்றி ஒரு வளையம் போட்டேன். தீ நிமிர்ந்து நின்றது. அக்காவிடம் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"முன்ன ரெண்டு கட்டு வெறகு எரியும், இப்ப ஒண்ணரைல முடியுது. கண்ணும் எரியல. ஆனா பாக்க சகிக்கல செல்வி, ஃபாரின்காரன் போட்டோ எடுக்கறதுக்குள்ள ஒரு பெயிண்ட் அடிச்சுடு."

முப்பத்துநாலு

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

அடுப்பு எவ்வளவு திறமையானது என்று பார்க்க, விறகை எடைபோட்டு எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைப்பார்கள். விறகில் இருந்த சூட்டில் எத்தனை பங்கு தண்ணீருக்குப் போனது என்பதுதான் கணக்கு. எனக்கு வந்தது நூற்றுக்கு இருபத்தொன்பது. நல்ல எண்தான். ஆனால் ஆய்வேட்டில் எழுத உட்கார்ந்தபோது கை தானாக முப்பத்துநாலு என்று எழுதியது. பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார், எப்படியும் குறைப்பார், ஐந்து போனாலும் இருபத்தொன்பதில் நிற்குமே! ஏமாற்றுகிறோம் என்றே தோன்றவில்லை, சத்தியமாக. விலை சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

என் வழிகாட்டி அருள் சார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஏட்டையும் என் சோதனைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கடற்கரையில் எஸ்தர் அக்கா கடையில் எடுத்த கணக்கு ஏட்டிலேயே இல்லை என்பதையும் கண்டுபிடித்தார். அது ரொம்பக் குறைவு, காட்டினால் மதிப்பு போய்விடும் என்று விட்டிருந்தேன். சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நான் கத்தினேன். மூன்று வருஷ உழைப்பு, வயது, குடும்பம், எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"இந்த நம்பரை நம்பி எஸ்தர் அக்கா மாதிரி நூறு பேர் அடுப்பு வாங்கினா, இல்லாத அந்த அஞ்சை யார் வீட்டு விறகுல எரிப்பீங்க, மேடம்?"

பன்னிரண்டு நாள்

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மூன்று செய்யூர் பஸ்ஸை விட்டேன். பாதியைத்தான் எழுதுவோம் என்று சொன்ன அந்த எஞ்சினியர் பையனின் முகம் போகவே மாட்டேனென்றது. அவன் சொன்னது சரி என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் டைப் அடித்து, பைண்டு பண்ணி.

மறுநாள் காலையில் கண்ணப்பன் அண்ணன் தோப்பில் நின்றேன். சோதனைக்கு ஒரே சீரான கட்டை வேண்டும் என்றேன். எதற்கு என்றார். மறைக்காமல் சொன்னேன். அவர் உள்ளே போய், நிழலில் அடுக்கியிருந்ததில் தானே பொறுக்கி ஒரு கட்டு கட்டிக்கொண்டு வந்து என் தோளில் வைத்தார்.

"பத்தொன்பதுதான் கீது. அங்கயாச்சும் பத்தொன்பதுன்னே சொல்லு."

கடைசிப் பேரம்

லேபில் மூன்று முறை எரித்தேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. சராசரி இருபத்தெட்டு என்று எழுதும்போது, பழைய கணக்கில் இன்னும் ஒன்று போனதே என்று வயிறு எரிந்தது. எஸ்தர் அக்கா கடையில் இருபத்துமூன்று. அதையும் எழுதினேன். அருள் சார் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் பாய்லர்களோடு முடி நரைத்தவர். ஏட்டைப் புரட்டி, "இருபத்தெட்டா? இந்த அளவு அடுப்புக்கு நான் இருபத்தஞ்சுக்கு மேல எதிர்பார்க்க மாட்டேன்" என்றார். "இருபத்தஞ்சுன்னு வச்சுக்கலாமா?" இருபது வருஷப் பழக்கம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது: உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், இருபத்தாறரை! விழுங்கினேன். சோதனைத் தாள்களை அவர் முன்னால் தள்ளினேன். "லேப்ல இருபத்தெட்டு சார், கடல் காத்துல இருபத்துமூணு. ஏத்தவும் முடியாது, எறக்கவும் முடியாது." குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது. அருள் சார் தரையைப் பார்த்தார்.

தேர்வுக்கு வந்தவர் கால்குலேட்டரை எடுத்தார். விறகு எடை, தண்ணீர் எடை, மிஞ்சிய கரி, ஒவ்வொன்றாகத் தட்டினார். மூன்று தாளும் முடிய எனக்கு மூன்று செமஸ்டர் ஆன மாதிரி இருந்தது. பிறகு பேனாவைத் திறந்தார்.

"இருபத்தெட்டுதான் வருது. அப்படியே எழுதிக்கறேன்."

விலை சொல்லி ஒரு புள்ளிகூட இறங்காமல் நான் ஜெயித்த ஒரே பேரத்தில், விற்பதற்கு என் கையில் ஒரு சுள்ளிகூட இருக்கவில்லை.