காதுக்குச் செய்த பெட்டி

அவள் கணவனை இசைக்குழுவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் ‘காது’. மேடையில் யாருடைய தந்தியாவது மயிரிழை இறங்கியிருந்தாலும் வாசிப்பை விடாமல் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காகச் சுருதி சேர்த்தார்கள். கிதார் வாசிப்பதில் அவனை மிஞ்ச ஆள் உண்டு, கேட்பதில் கிடையாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் அவளே சிரித்துவிடுவாள்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் அவள் பழுது பார்க்கிறாள். முதன்முதலில் அவனைப் பார்த்தபோது மேடைப் படியில் உட்கார்ந்து பேட்டரியை நக்கிக்கொண்டிருந்தான். கிதார்க்காரர்கள் காலடியில் பரப்பி வைத்து மிதிக்கிற சின்னப் பெட்டிகளுக்குப் பெடல் என்று பெயர். ஒன்று எதிரொலி கொடுக்கும், ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும். அப்போதெல்லாம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பேட்டரி. நாக்கில் வைத்தால் சுருக்கென்று கடிக்க வேண்டும், கடிக்காவிட்டால் தீர்ந்துபோனது என்று அர்த்தம்.

“என்ன, அவ்வளவு பசியா?” என்று கேட்டாள்.

“உப்புதான் பத்தலை” என்றான் அவன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த நாக்கின் மேல் இரக்கப்பட்டுத்தான் எல்லாப் பெடலுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுக்க வழி தேடினாள். முதலில் ஒரு அடாப்டரிலிருந்து ஒரே வயரை இழுத்து, அதிலேயே கிளை கிளையாகப் பிரித்துக் கொடுத்தாள். அவன் தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். “ஙொய்ய்னு ஒரு சத்தம் வருது” என்றான். கடையில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. இவனுக்குக் கொழுப்பு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கருவியை வைத்து அளந்தாள். சத்தம் இருந்தது. ஒரு பெடலின் இரைச்சல் பொது வயர் வழியாக அடுத்ததற்குள் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. ஒரே பெட்டி, சுவருக்குப் போக ஒரே பிளக், ஆனால் உள்ளே ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகக் கம்பி சுற்றி ஒன்றின் மூச்சு இன்னொன்றின் மேல் படாமல் செய்தாள். பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாக இருந்த ஒரு பழைய பெடல் மட்டும் சம்பந்தி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. அதற்கும் ஒரு தனி வழி வைத்துச் சிவப்பு டேப் சுற்றினாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். “சுத்தம்” என்றான். கல்யாணப் பேச்செல்லாம் அப்புறம் வந்ததுதான். அவளைப் பொறுத்தவரை அந்தச் சொல்லிலேயே எல்லாம் முடிவாகிவிட்டது.

வருஷங்கள் கழித்து அந்த ஙொய் திரும்பி வந்தது. ஒத்திகையை நடுவில் நிறுத்தி வயர்களைப் பிடுங்கினான். அப்புறம் மேடையிலும் நிறுத்தினான், ஆட்கள் கைதட்டக் காத்திருக்கும்போது. வீட்டில் அவள் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பற்றவைப்பையும் புதுப்பித்தாள். சத்தம் போகவில்லை என்றான்.

குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய தம்பி. ஒரு நாள் கடைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

“அக்கா, எங்க யாருக்கும் அந்தச் சத்தம் கேக்கலக்கா.”

“உனக்கு என்னைக்குடா கேட்டிருக்கு? அன்னைக்கும் யாருக்கும்தான் கேக்கல. அவர் சொன்னதுதானே சரியா இருந்துச்சு?”

“கிதாருக்கு வேற ஒருத்தரைப் பாத்து வச்சிருக்காங்க. இந்தச் சனிக்கிழமை கச்சேரியிலயும் மாமா பாதியில நிறுத்தினா அதோட சரி. நான் எவ்வளவோ மன்றாடிப் பாத்துட்டேன்.”

அவள் தம்பியைத் திட்டி அனுப்பினாள். அளக்கும் கருவி, சத்தம் ஒன்றும் இல்லை என்றுதான் அவளுக்கும் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கருவியா அவன் காதா என்றால் அவளுக்கு என்றைக்கும் அவன் காதுதான். தப்பு என் பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நம்பி, மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து, புதிதாகக் கம்பி சுற்றி இன்னொரு பெட்டியே செய்து முடித்தாள்.

சனிக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் பெடல்களைப் பரப்பினார்கள். பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகியிருந்தன. சிவப்பு விளக்குகள் எரிந்தன. அவன் தந்திகளை உள்ளங்கையால் அடக்கி, கண்ணை மூடினான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கும்மா” என்றான்.

எதிரொலிப் பெடலைக் கழற்றினாள். இருக்கிறது என்றான். கரகரப்பைக் கழற்றினாள். சிவப்பு டேப் சுற்றியதைக் கழற்றினாள். இருக்கிறது, இருக்கிறது. கடைசியில் என்ன தோன்றியதோ, சுவரோரம் போய்ப் பலகையின் பிளக்கையே உருவினாள். விளக்குகள் எல்லாம் அணைந்தன.

“கொஞ்சம் கொறைஞ்சிருக்கு” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். “சரியான இடத்துலதான் கை வச்சிருக்க. ஆனா இன்னும் இருக்கு.”

அழுதால் அவனுக்குக் கேட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதில் வராததால் கண்ணைத் திறந்தான். அணைந்த விளக்குகளைப் பார்த்தான். அவள் கையில் தொங்கிய பிளக்கைப் பார்த்தான். கிதாரை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தான்.

“சாப்பிடும்போதும் கேக்கும்” என்றான். “நான் ஃப்ரிட்ஜ்னு நெனச்சேன். படுத்தா ஃபேன்னு நெனச்சேன்.”

“டாக்டர்கிட்ட போலாங்க.”

“போலாம்.” அவன் தரையில் கிடந்த திருப்புளியை எடுத்து அவளிடம் நீட்டினான். அந்தக் கை அவளிடம் இப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. “அதுக்கு முன்னாடி, இன்னொரு தடவ பிரிச்சுப் பாரேன்.”

அவள் திருப்புளியை வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து, எந்தக் குறையும் இல்லாத அந்தப் பெட்டியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.