மூக்குத்தி எந்தப் பக்கம்?

“ஏனுங்க அம்மிணி, அம்மனுக்கு மூக்குத்தி எந்தப் பக்கமுங்க?”

கோயிலை விட்டு வெளியே வருகிறவர்களைத் தெருவின் எதிர்ப்புறம் நின்று காத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். காதில் பென்சில், கையில் மடித்த காகிதம். செல்லியம்மாள் இடப்பக்கம் என்றாள். கூட வந்த அவள் நாத்தனார் வலப்பக்கம் என்றாள். இருவரும் நடுத்தெருவிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். காத்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கோடு போட்டுக்கொண்டார்.

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற சாலையில் கடைப்பலகை என்று எதைப் பார்த்தாலும் காத்தான் கைவேலைதான். பீடிக்குப் புலி, சோப்புக்குத் தாமரை, சோடாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை. சுண்ணாம்பு அடிக்கப் போன வீட்டுச் சுவரில் கரியால் மாடு வரைந்து, அதற்கு அடியும் வாங்கி, அப்படித் தொழில் கற்றவர். அணில் வால் முடியில் தானே தூரிகை கட்டிக்கொள்வார். புலியோ துரையோ, வரைவது எதுவானாலும் அவருக்கு அது ‘ஆளு’தான். கண் வைக்கும்வரை பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. “ஆளு இன்னும் முழிக்கலீங்க” என்பார்.

இப்போது நெய் மண்டி சின்னராஜ் தன் ‘அம்மன் மார்க்’ நெய்க்கு லேபிள் கேட்டிருக்கிறார். ஊர் அம்மனை உள்ளபடியே வரைய வேண்டுமாம். சிவகாசியில் வண்ணத்தில் அச்சாகி, டப்பா டப்பாவாகச் சேலம் ஜில்லா முழுக்கப் போகும். முப்பது வருஷமாக வெயிலில் வெளுத்துப்போகிற படங்களையே வரைந்தவருக்கு அச்சேறப்போகும் முதல் படம் இது. சரியில்லை என்றால் வேலை வேறு ஓவியருக்குப் போய்விடும்.

அந்தக் கோயிலுக்குள் காத்தான் போக முடியாது. அவர் பிறந்த சாதிக்கு அனுமதி இல்லை. திருவாங்கூரில் எல்லாச் சாதிக்கும் கோயில் கதவைத் திறந்துவிட்டு ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் கூட்டம் போட்டுப் பேசுவதோடு சரி. பூசாரியைக் கேட்டால் உனக்கெதற்கு என்று விரட்டுகிறார். ஆகவே இருபது நாளாகப் போகிறவர் வருகிறவரைக் கேட்டுக் கேட்டே வரைந்திருக்கிறார். நெய் தீர்ந்ததும் பெண்கள் அந்த லேபிளை உரித்துப் பூசை மாடத்தில் ஒட்டுவார்கள். அவர் வரைந்த அம்மன் நடுவீட்டில் இருப்பாள், அவர் வாசலுக்கு வெளியே நிற்பார். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருடைய கோபம் வேறு. “உள்ள போறாங்க, கண்ண மூடிக்கறாங்க, வந்தர்றாங்க. ஒருத்தராச்சும் பாக்கறதில்லீங்க” என்றார் என்னிடம். நானும் போன வெள்ளிக்கிழமை உள்ளே போய் வந்தவன்தான். என்னைக் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன். வெட்கக்கேடு.

நேற்றுப் படத்தைக் கொண்டுவந்து மண்டிப் படிக்குக் கீழே சாத்தி வைத்தார். மூக்குத்தி வலப்பக்கம். சின்னராஜ் பார்த்ததுமே, தப்பு, பிறந்ததிலிருந்து கும்பிடுகிறேன், எங்கள் அம்மனுக்கு இடப்பக்கம் என்றார். வலப்பக்கம்தான் என்று கணக்கப்பிள்ளை மெல்ல இழுத்தார். இதோ பார்த்துவிட்டே வருகிறேன் என்று சின்னராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு, நாலு வீடு தள்ளியிருக்கும் கோயிலுக்குப் போனார். நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பி வந்தார்.

“எந்தப் பக்கமுங்க சாமி?” என்றார் காத்தான்.

சின்னராஜின் விரல் இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, மூக்கு நுனியிலேயே நின்றுவிட்டது. நெய் வியாபாரம் நன்றாக ஓட வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். “நீ என்னடா, பாத்தவனாட்டம் பேசற?” என்று எரிந்து விழுந்தார்.

“என்னைய உள்ள உடலீங்க, சாமி. உங்கள உட்டாங்கள்ல?”

காத்தான் குனிந்து, துணியில் எண்ணெய் தொட்டு, அந்த மூக்குத்தியை அழித்தார். தூரிகையில் மஞ்சள் வண்ணம் எடுத்தார். மண்டிக்காரருக்கு எதைக் கொடுப்பதானாலும் தரையில் வைத்துவிட்டு நாலடி விலகி நிற்பதுதான் இங்கே முறை. அவர் வைக்கவில்லை. படி ஏறி வந்து, தூரிகையைச் சின்னராஜின் கைக்கு நேராக நீட்டினார்.