ஈசலுக்குப் பார்த்த ஜாதகம்

நெதர்லாந்தில் நான் வழக்கமாகப் பருப்பு வாங்கும் கடையில், பருப்புக்குப் பக்கத்திலேயே வறுத்த புழுக்களைப் பொட்டலம் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தவிர்க்கவும் என்று மேலே ஓர் எச்சரிக்கை வேறு. உண்ணும் பூச்சிகளில் எந்தெந்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று மரபணு வரிசையைப் படித்துச் சொல்வதுதான் அங்கே ஓர் ஆய்வகத்தில் என் வேலை. ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் ஒருநாள் ஆய்வகத்துக்குப் போகிறேன். பிறந்தது கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில். மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை வறுத்துத் தின்று வளர்ந்தவன். அதை நெதர்லாந்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன ஆண்டு ஊருக்கு வந்தபோது, கணவனை இழந்த என் சித்தப்பா மகள் பாப்பாத்தி, ஈசலைச் சிறகு போகப் புடைத்து வறுத்து, சேந்தமங்கலம் சந்தையில் விற்கத் தொடங்கியிருந்தாள். "சோதிச்சு நல்லதுன்னு சொல்லிப்போடுங்கண்ணா, கடைக்காரங்களும் எடுத்துக்குவாங்க" என்று ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள்.

ஆய்வகத் திரையில் வயிற்றைக் கெடுக்கும் ஒரு பாக்டீரியாவின் பெயர் வந்தது. உடன் வேலை செய்யும் டச்சுப் பெண் எட்டிப் பார்த்து, "உங்கள் வீட்டில் இதைச் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டாள். உடம்பு கூசியது. "இல்லை, மலைவாசிகள் தின்பது" என்றேன். எப்படிச் சமைப்பது என்று கேட்கத்தான் அவள் வந்தாள் என்பது பிறகு தெரிந்தது. அந்தக் கூச்சத்தோடேயே பாப்பாத்தியைப் போனில் அழைத்து, விற்காதே என்றேன்.

மரபணு வரிசை செத்த கிருமியையும் உயிருள்ளதையும் ஒன்றுபோலவே காட்டும். கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது. அவளுடைய ஈசலுக்கு மட்டும் அந்தப் பொறுமை எனக்கில்லை. பிறகு வளர்த்துப் பார்த்தேன். அஞ்சும்படி ஒன்றும் வளரவில்லை. அதற்குள் எல்லாவற்றையும் அவள் கோழிகளுக்குக் கொட்டிவிட்டாள். நான் சொன்னது பரவி, சந்தையில் அவளிடம் வாங்கவும் ஆளில்லை.

நேரில் சொல்ல வேண்டும் என்று இந்த மழைக்கு மலையேறினேன். அவள் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் சூழ ஈசல் வறுபட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, செத்த ஈசலுக்கு ஜாதகம் பாத்தவரு நீங்கதானுங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அப்படியே எனக்கும் ஆயுசு எவ்வளவுன்னு பாத்துப்போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பாப்பாத்தியிடம் சொன்னேன்.

"உன் ஈசல்ல ஒரு கொறையும் இல்ல கண்ணு. அவசரப்பட்டது நான்தான். சந்தைக்கு வந்து எல்லாத்துகிட்டயும் சொல்றேன்."

"உடுங்கண்ணா. இப்ப மொளகுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறனுங்க" என்றாள், கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வறுத்ததைப் பொரியோடு கலந்து எல்லோர் கையிலும் அள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். நானும் கையை நீட்டியிருந்தேன். என்னிடம் வந்தவள் சற்று நின்றாள். பிறகு உள்ளே போய், கடையில் வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்தாள்.

"உங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காதுங்கண்ணா."

ஊரே மென்றுகொண்டிருந்தது. நான் பிஸ்கட்டைப் பிரித்தேன்.