நீல மூடி டப்பா

விதைக் கம்பெனி நடத்துகிறோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் பெரிய கட்டடம், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆட்கள் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்கள் கம்பெனி என்பது ஊத்துக்குளிப் பக்கம் ஏழு ஏக்கர் தோட்டம், ஒரு தகரக் கொட்டகை, விதை காயவைக்கிற களம், அப்புறம் நானும் அம்மாவும். அப்பா இருந்தவரை அவர்தான் கம்பெனி. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. தம்பி திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான்.

விதைப் பட்டியலில் பதினைந்து இருபது பெயர் இருக்கும். சோறு போடுவது ஒன்றுதான்: அப்பா வருஷக்கணக்காகப் பூவுக்குப் பூ சேர்த்துப் பார்த்து உருவாக்கிய ஒட்டுப் பாகல். லாரியில் இரண்டு நாள் போனாலும் காய் வாடாது. அதற்குத் தாய் ஒரு ரகம், தகப்பன் இன்னொரு ரகம். தாய்ச் செடியை அக்கம்பக்கத்தில் ஒன்பது குடும்பங்கள் எங்களுக்காகத் தங்கள் காட்டில் வளர்க்கின்றன. தகப்பன் மட்டும் எங்கள் தோட்டத்தைத் தாண்டாது. அதில் நாலு பழம் களவு போனால் போதும், அடுத்த வருஷம் எங்கள் பாகல் வேறு ஒருவர் பெயரில் கடையில் தொங்கும்.

அதற்கு அப்பா கண்டுபிடித்த வழி இது. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்து ஐந்து வரிசைப் பாகல் போடுவார். ஐந்தும் ஐந்து ரகம். ஒன்றுதான் நிஜத் தகப்பன், மற்ற நாலும் ஒப்புக்கு. வருஷா வருஷம் வரிசையை மாற்றிவிடுவார். விடியற்காலையில், தேனீ வருவதற்குள், மலரப்போகும் ஆண்பூக்களை ஆட்கள் வரிசைவாரியாகப் பறித்து ஐந்து நிற மூடி போட்ட டப்பாக்களில் கொண்டுவந்து வைப்பார்கள். அப்பா கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு சரியான டப்பாவை மட்டும் ஒன்பது தூக்குவாளிகளில் பங்கு பிரிப்பார். மீதி நாலும் எருக்குழிக்கு. மொபெட்காரர் தூக்குகளை எடுத்துக்கொண்டு ஒன்பது காட்டுக்கும் பறப்பார். அங்கே முந்தின நாள் சாயந்திரமே காகிதப்பை மாட்டிவைத்த பெண்பூக்கள் காத்திருக்கும். இந்தப் பூவை எடுத்து அந்தப் பூவில் தொட்டு, அடையாளத்துக்கு ஒரு பனியன் கட்டிங் வேஸ்ட் துணியைக் காம்பில் கட்டிவிட வேண்டும். ஒன்பது மணிக்குமேல் தொட்டுப் பிரயோஜனமில்லை. நாற்பது நாளும் ஒரு நாள் தவறாமல் இதே கதை.

எது நிஜம் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு, எனக்கு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினாறு வயதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “இதுல எதுங்கப்பா நெசம்?” என்று கேட்டுத் தொலைத்தேன். தம்பி அப்போது கிரிக்கெட் மட்டையோடு வெளியே ஓடிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தோளில் கையைப் போட்டுக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். “அம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. அவ பால்காரர்கிட்டச் சொல்லுவா, அவரு ஊருக்கே ஊத்துவாரு” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா யாரோடும் பேசுவாள், பேசிக்கொண்டே இருப்பாள். அதனால் அம்மாவிடம் ரகசியம் நிற்காது என்பது எங்கள் வீட்டில் யாரும் சரிபார்க்காத உண்மை.

அன்றைக்கு மாட்டியவள்தான். கோயமுத்தூரில் பயிர்ப் பெருக்கம் எம்.எஸ்சி. முடித்தேன். ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, “இந்த சீசன் முடியட்டும் கண்ணு” என்றார் அப்பா. சீசன் முடிந்தது, இடமும் போனது. மாப்பிள்ளை பார்த்தார்கள். வீட்டோடு வந்து இருக்கிறவராக வேண்டும் என்று அப்பா சொன்னதும், வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு அவிநாசிப் பக்கம் இன்னொரு பெண் பார்க்கப் போனார்கள். அப்பா போன பிறகு கேட்கவே வேண்டாம், நாலரை மணி அலாரம் என் தலையில். பெண்களை ஏற்றிப்போகிற பனியன் கம்பெனி வேன்கள் விடியலில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். டப்பாவோடு நின்று அவற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்காவது ஷிப்ட் முடியும்.

இந்த வருஷம் பூ எடுக்கத் தொடங்கிய முதல் வாரம் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. பெரிய விதைக் கம்பெனி ஒன்றில் கொடிக்காய்ப் பயிர்களுக்கு ஆராய்ச்சியாளர் வேலை. நேர்காணலுக்கு நான் போய்வந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கிடைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட. பத்து நாளில் வந்து சேர வேண்டும், தள்ளிப்போட முடியாது என்று எழுதியிருந்தார்கள். முப்பத்திரண்டு வயதில் இன்னொரு தடவை இப்படி ஒரு கடிதம் வரப்போவதில்லை. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விட்டுவிட்டுப் போனால் ஒன்பது குடும்பத்துப் பெண்பூக்களும் வாடி உதிரும். அவர்களுடைய சீசனும் போகும். ஆளை வைத்துச் செய்யலாம் என்றால், ரகசியம் தெரிந்த ஆளை எவனும் இரண்டே நாளில் விலைக்கு வாங்கிவிடுவான். மிச்சம் தம்பிதான். ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட்டுக் கை கழுவும்போது கொட்டகைக்குக் கூப்பிட்டேன்.

“எது நெசமுன்னு சொல்லிக் குடுத்தர்றேன். சீசன் முடியறவரைக்கும் தங்கி இருந்து காலையில ரெண்டு மணி நேரம் பார்த்துக்க. அப்புறம் நீ பாட்டுக்கு ஆபீஸ் போயிரலாம்.”

அவன் நிஜமாகவே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். “சொல்லிப்போடாதீங்கக்கா! சத்தியமா வேண்டாங்க.”

“ஏன்டா?”

“தெரிஞ்சா நான் மாட்டிக்குவனுங்க்கா. தெரியாதவனை யாரும் நாலரைக்கு எழுப்ப மாட்டாங்க. உங்களைப் பாத்துத்தானே கத்துக்கிட்டேன்.” சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்த கோபத்தில் மஞ்சள் மூடி டப்பாவைச் சுவரில் எறிந்தேன். அது உடையக்கூட இல்லை. அவன் சொன்னதில் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன், கிடைக்கவில்லை, அதற்காக இன்னும் கொஞ்சம் கோபப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை, வர இயலவில்லை என்று பெங்களூருக்கு எழுதினேன். சனிக்கிழமை அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. நன்றி என்று வேறு போட்டிருந்தார்கள். ஞாயிறு காலை எனக்குக் காய்ச்சல். அந்த வாரம் தம்பியும் வரவில்லை.

சாதாரணக் காய்ச்சல் இல்லை. மூட்டுக்கு மூட்டு யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. சாயந்திரம் டாக்டர் வந்து ஊசி போட்டார். அதன்பின் பகல் எது, ராத்திரி எது என்று தெரியாமல் கிடந்தேன். நடுவில் நினைவு வரும்போதெல்லாம் ஒரே நினைப்புதான்: பூ போகவில்லை, அல்லது தப்பான பூ போகிறது, ஒன்பது காடும் பாழ். சொல்ல வாயெடுத்தால் நாக்குப் புரளவில்லை. புதன்கிழமை விடியலில் தலை தெளிந்தது. வெளியே மொபெட் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன்.

உள்ளே அம்மா. ஒன்பது தூக்குகளும் வரிசையாக இருந்தன. அவள் கையில் நீல மூடி டப்பா. இந்த வருஷத்து நிஜத் தகப்பன் அதுதான்.

“ஏங்கண்ணு எந்திரிச்சு வந்தே?” என்றாள். கை நிற்கவில்லை. கடைசித் தூக்கையும் நிரப்பி, கதவு இடுக்கு வழியாக மொபெட்காரரிடம் கொடுத்தனுப்பினாள்.

“நாலு நாளும் இதையா அனுப்பின?”

“நாலு நாளும் இதான்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“சொல்லோணுமா? உங்கப்பா அந்தத் தோட்டத்துல நின்னா நாலு வரிசையைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. ஒண்ணை மட்டும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. நீயும் அப்பிடியேதான். கதவைச் சாத்தறவரைக்கும் மத்த டப்பாவையெல்லாம் தொறந்து தொறந்து பாப்பே, நீலத்தைத் தொடவே மாட்டே. இருவது வருசமாத் தெரியும் கண்ணு.”

இருபது வருஷம். ஐந்து வரிசை போட்டு, கதவைச் சாத்தி, நாலு டப்பா பூவைத் தினமும் குழியில் கொட்டி நாங்கள் இரண்டு பேரும் ஆடிய ஆட்டத்தை இவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். பால்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஏம்மா சொல்லல? நான் போயிருப்பேனே!” கத்தினேன். தொண்டை கிழிந்தது.

அம்மா விதை மூட்டைமேல் உட்கார்ந்தாள். “இந்த ஊட்டுல சமையல், மாடு, களம், ஆளுகளுக்குச் சோறு, எல்லாம் என் தலையில. இதும் தெரியுமுன்னா இதும் வந்துருக்கும். அதனால தெரியாதவளா இருந்துட்டேன்.” சேலையில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டாள். “உனக்கு அந்தக் கடிதாசி வந்தப்ப ரெண்டு நாளு வாய்வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருக்கோணும். சொல்லல.”

அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் மடியில் படுக்க வேண்டும் போலவும் இருந்தது. பதினாறு வருஷத்தில் ஒரு நாளாவது அவளைக் கேட்டிருக்கிறேனா? தம்பியைக் கேட்டேன். அவளை ஒரு ஆளாக எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் பாட்டுக்கு வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அம்மா அடுப்படியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்று பாகற்காய் வதக்கிக்கொண்டிருந்தாள்.

“நாலு நாளு படுத்துட்டீங்களாமே. பூவெல்லாம் ஆரு அனுப்பினாங்க?” என்றான். பிறகு அவனே நிமிர்ந்தான். முகமெல்லாம் பிரகாசம். “அம்மாவுக்குத் தெரியுங்களா? அட, அப்பப் பிரச்சினையே இல்லீங்களே! வேற வேலை வந்தா நீங்க தாராளமாப் போலாங்க்கா. அம்மா ஊட்லதான இருக்காங்க.”

வாணலியில் கரண்டி நின்றது.

“அம்மாவுக்கு என்னடா தெரியும்?” என்றேன். “படுத்துக்கிட்டே நான்தான் தினமும் மூடி நெறத்தைச் சொன்னேன். இப்ப நெறத்தையும் மாத்தி வெச்சுட்டேன்.”

“அதானே பாத்தேன்” என்று தம்பி இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

சாப்பிட்டு முடித்ததும் கொட்டகைக்குப் போய் ஐந்து மூடிகளையும் நிஜமாகவே மாற்றினேன். ராத்திரி அலாரத்தை நாலரைக்கு வைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினேன், பக்கத்தில் படுத்திருந்தவளுக்குக் கேட்கக் கூடாதென்று.