சுறா எண்ணெய்

அறுபதுகளின் நடுவில், முள்ளிவாய்க்கால் கரையில் பாய்வள்ளம் செய்யக் கொட்டில் போட்ட என் கணவரை ஊரே விசரன் என்றது. மரமும் இல்லை, ஆணியும் இல்லை, அதென்ன வள்ளம்? கொழும்பில் ஒரு பட்டறையில் அவர் பழகிய வேலை அது. வள்ளத்தின் வடிவில் பெரிய அச்சு. அதற்குள் கண்ணாடி நார்த் துணியை விரித்துப் பிசின் தடவுவார். அது இறுகியதும் அடுத்த துணி, திரும்பவும் பிசின். அடுக்கின்மேல் அடுக்காக வள்ளத்தின் உடம்பு தடிக்கும்.

முதல் வள்ளத்தை எடுக்க முன்வந்தவன் என் அண்ணன். எங்கள் ஐயா கரைவலைச் சம்மாட்டி, வலைக்கும் வள்ளங்களுக்கும் முதலாளி. எந்த மரவள்ளமும் கடலில் இறங்குமுன் அம்மாளாச்சியைக் கும்பிட்டு, தன் கையாலேயே அதற்குச் சுறா எண்ணெய் பூசுவார். பூசாத வள்ளத்தில் எங்கள் ஆட்கள் கால் வைக்கமாட்டார்கள். "இதுக்கு எண்ணெய் கூடாது மாமா" என்று என் கணவர் சொன்னபோது ஐயா வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்தார். சம்மதித்துவிட்டார் என்று நினைத்தோம். எங்கள் ஐயாவை நாங்களே அறியவில்லை.

வள்ளம் சில கிழமைகள் குதிரைபோல ஓடியது. வாடைக்காற்று எழும்பிய அன்று நடுக்கடலில் பிளந்தது. அண்ணன் நீந்திக் கரை சேர்ந்தான். கூடப் போன சித்தப்பாவின் மகனைக் கடல் மத்தியானம் கொண்டுவந்து போட்டது. பாய்மரம் விழுந்து மண்டை உடைந்திருந்தது. பின்னாலேயே வள்ளத்தின் துண்டுகளும் ஒதுங்கின.

ஒரு கையில் கோடரியும் மறுகையில் உடைந்த துண்டுமாக அண்ணன் கொட்டிலுக்குள் பாய்ந்தான். பின்னால் ஐயாவும் பாதிக் கரையும். துண்டை என் கணவரின் முகத்தில் எறிந்தான். நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணை மூடியது.

"இதுதானடா உன்ர வள்ளம்! என்ர தம்பியைத் தின்ட வள்ளம்!"

முதல் வெட்டில் அச்சு இரண்டானது. அதைத் தடுக்கப் போன கணவரைக் காலால் உதைத்து விழுத்தி, தரையில் ஊன்றியிருந்த அவருடைய வலது கையில் கோடரியின் பின்பக்கத்தால் ஓங்கி இறக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

"கொல்லடா அவனை!" என்றார் ஐயா. என்னைப் பெற்ற ஐயா, என் கணவரை.

நான் கணவர்மேல் விழுந்து மறைத்தேன். அந்தத் துண்டு என் முகத்தருகே கிடந்தது. உடைந்த இடத்தில் அடுக்குகள் வெங்காயத் தோலாகக் கழன்றிருந்தன. அந்த இடைவெளியிலிருந்து வந்த மணம் நான் பிறந்த நாள்முதல் அறிந்த மணம். சுறா எண்ணெய். இவர் பாய்த்துணி எடுக்க முல்லைத்தீவுக்குப் போய்க் கொட்டில் ஆளின்றிக் கிடந்த அன்று, பாதி வேலையில் கிடந்த வள்ளத்துக்கு ஐயா உள்ளே பூசியிருக்கிறார். மறுநாள் தடவிய பிசினின் நாற்றம் அந்த மணத்தை மூடிவிட்டது. எண்ணெயின்மேல் பிசின் எப்படி ஒட்டும்?

எழுந்து துண்டை ஐயாவின் மூக்கில் வைத்தேன். "மணந்து பாருங்கோ ஐயா. ஆரின்ர கை பூசின எண்ணெய் இது?"

ஐயாவின் அறை என் கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்தது.

அண்ணன் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி மணந்தான். ஐயாவைப் பார்த்தான். பிறகு கோடரியை இரண்டு கையாலும் தூக்கினான். ஐயா அசையவில்லை. "வெட்டு" என்றார், மெதுவாக.

அவனைப் பிடித்தது என் கணவர்தான். நொறுங்கிய கை தொங்க, இடக்கையால் கோடரிப் பிடியைக் கட்டிக்கொண்டார். "ஒரு சாவு காணும் மச்சான், இன்னொண்டு வேண்டாம்."

அண்ணன் மணலில் குந்தியிருந்து ஓவென்று அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. ஐயாவைக் கடித்துக் குதறவேண்டும்போல இருந்தது.

கணவரின் வலது கை பிறகு மடங்கவில்லை. அடுத்த அச்சை அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன், பிசினும் நானே தடவினேன். அந்தக் கரையில் நாங்கள் செய்த அத்தனை வள்ளமும் அப்படி எழும்பியவைதான். ஐயா அடிக்கடி வருவார். வாசலில் நின்று, நான் கேட்காமலே, இரண்டு உள்ளங்கைகளையும் என் மூக்கருகே நீட்டுவார். நான் மணந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் உள்ளே கால் வைப்பார்.