மாமா செய்த வேலை

என் கணவரும் என் தம்பியும் டெல்லியில் ஒரே ஹேங்கரில் விமானங்களுக்கு வயரிங் வேலை பார்த்தார்கள். ஜனக்புரியில் எங்கள் வீட்டில்தான் தம்பிக்கும் சாப்பாடு. அவர் உள்ளே வந்தால் தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து மெச்சுவார்கள். இப்போது மரியாதை என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு விமானத்தில், அதைத் திருப்புவதற்கான கேப்டனின் கைப்பிடிக்குப் போகும் வயர்களை மாற்றினார்கள். செய்தவர் என் கணவர். இரண்டு வயர் இடம் மாறிவிட்டது. மனுஷன்தானே, கை தவறும். அதற்காகத்தான் ஒருவர் செய்ததை இன்னொருவர் திறந்து பார்க்க வேண்டும் என்று விதி. பார்க்க வேண்டியவன் என் தம்பி. அவன் திறக்கவே இல்லை. கீழே நின்று இறக்கையின் ஓரத்து மடல் அசைகிறதா என்று மட்டும் பார்த்தான். மேலே விமானி அறையில் உட்கார்ந்து அவர் அசைத்ததோ துணை விமானியின் கைப்பிடியை. அதில் பழுதே கிடையாது.

விமானம் ஏறியதும் காற்றில் இடது பக்கம் சாய்ந்தது. கேப்டன் வலது பக்கம் திருப்பினார். அது இன்னும் இடது பக்கமே சாய்ந்தது. துணை விமானி தன் கைப்பிடியால் நிமிர்த்தி, திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்.

"கோயீ மரா தோ நஹீ," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. யாரும் சாகவில்லையே என்று. அவளோடு நான் அதற்குப் பிறகு பேசுவதில்லை.

விசாரணைக்கு முன்னால் சாப்பிடும்போது என் கணவர் ஆரம்பித்தார்.

"மாப்ள, தொறந்து பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிரு."

"எப்படி மாமா? அத்தன பேரு உயிரு."

"அப்ப ஏன்டா தொறக்கல?"

தம்பி தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க செஞ்ச வேலைய நான் பிரிச்சுப் பாக்கணுமா மாமா?"

"பாக்கணும்டா முட்டாள்! அதுக்குத்தான சம்பளம்!" என்று கத்தினேன்.

விசாரணையில் அவன் உண்மையைச் சொன்னான். இரண்டு பேருக்கும் வேலை போனது. கழுத்தறுத்துவிட்டான், இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார் இவர். தம்பி மதுரைக்குப் போய்விட்டான். இவர் இப்போது வீட்டில் ஒரு பல்புகூட மாட்டுவதில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார். பார்த்தால் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. போன் செய்தான்.

"அக்கா, மாமா வருவாங்களா?"

"வர மாட்டாரு. நான் வர்றேன். டிக்கெட் போட்டாச்சு."

"நீ தனியா வராதக்கா. மாமா எங்கன்னு எல்லாரும் நோண்டுவாங்க. வேலை போன கதையெல்லாம் வெளிய வரும். மாமாவுக்கு அசிங்கம்."

"அந்தாளு உன்ன வாசல்ல ஏத்த மாட்டேங்குறாரு. இன்னும் என்னடா மாமா, கீமா?"

"இருந்தாலும் மாமாதானக்கா."

அழுதான். தடியன், ஒரு பொண்ணைக் கட்டப் போகிறவன், போனில் குழந்தை மாதிரி அழுதான். நான் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

தாலியில் நாத்தனார் முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். அவனுக்கு அக்கா நான் ஒருத்திதான். பெரியம்மா மகள் போட்டாள். வீடியோ அனுப்பியிருந்தார்கள். அவள் குனிந்து முடிச்சுப் போடும்போது தம்பி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர் என் பின்னால் வந்து நின்றார்.

"பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

போனை அவர் கையில் திணித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.